மாஸ்டர் அக்காவின் இரண்டாவது லைசென்ஸ்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். மீதிப் பேர் அவளுக்குப் பயந்து வேறு இடத்தில் சேர்ந்தார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'. டிரைவிங் ஸ்கூல் என்று பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு அறை. ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட பெரிய அட்டை, போனை எடுத்து நேரம் குறித்துக்கொடுக்க நான். வாசலில் வெள்ளைக் கார் நிற்கும். மாணவர் பக்கம் மூன்று பெடல், பக்கத்து சீட்டில் அக்காவுக்கு கிளட்ச், பிரேக் என்று இரண்டு. யாராவது தப்பு செய்தால் காலால் திருத்திவிடுவாள். வாயால் திருத்துவது அதற்கு முன்பே ஆரம்பமாகியிருக்கும்.

அவள் புருஷன், என் மாமா, பேக்கரியில் கேக் மேல் பூப்போடுகிறவர். ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். ஆனால் க்ரீம் பையை அவர் அமுக்கினால் ரோஜா இதழ் இதழாக வந்து உட்காரும். அத்தனை பெரிய மனிதருக்குக் கார் என்றால் உதறல். கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார், ஸ்டியரிங்கை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மாத்திரை போடுவாள், சில நாள் மறந்துபோவாள். பேக்கரியில் வெட்டித் தள்ளும் கேக் ஓரங்களை மாமா பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். அதை மட்டும் அவள் ஒருநாளும் மறந்ததில்லை. "ஓரத்துல சர்க்கரை கம்மிடி" என்று அவளாக ஒரு விஞ்ஞானம் வைத்திருந்தாள்.

முதலில் கால் விரல்களில்தான் தொடங்கியது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று குனிந்து பார்ப்பாள், எறும்பு இருக்காது. அப்புறம் ஊசியால் குத்துவது மாதிரி. அதுக்கப்புறம் மதமதவென்று, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. "நாள் பூரா கார்லயே உட்கார்ந்திருந்தா ரத்தம் எப்படி ஓடும்?" என்று காலை இரண்டு உதறு உதறிவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிடுவாள்.

ஒரு சாயங்காலம் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் இல்லை.

"இன்னொரு செருப்பு எங்க?" என்றேன்.

"எந்தச் செருப்பு?" என்று குனிந்து பார்த்தாள். எங்கே கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமா தேடிப் போய்க் காய்கறிக் கடையிலிருந்து எடுத்து வந்தார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் விற்பனைக்கு வைத்த மாதிரி கிடந்ததாம். வெறும் காலோடு அத்தனை தூரம் நடந்தது காலுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அது தெரிந்தது ஒரு பல் டாக்டரால். அவர் அக்காவின் மாணவர். அடுத்தவர் வாய்க்குள் கை நடுங்காமல் வேலை பார்க்கிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் கிடுகிடுவென்று ஆடுவார். அன்றைக்கு ஒரு இறக்கத்தில் கார் போய்க்கொண்டிருந்தது. கீழே சிக்னலில் சிவப்பு. டாக்டருக்கு எந்தக் கால் எந்தப் பெடல் என்பதே மறந்துபோய்விட்டது.

"மாஸ்டர், பிரேக்! பிரேக் போடுங்க!"

"போட்டுட்டுத்தானேய்யா இருக்கேன்! ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிங்க!"

டாக்டர் ஒடித்தார். ஓரமாக ஒரு ஃபிரிட்ஜ் கடை. வாசலில் ஆளுயரத்துக்கு அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கார் நேராக அதற்குள் புகுந்து, மேலே நாலு பெட்டி சரிந்து விழ, நின்றது. நல்லவேளை, எல்லாம் காலிப் பெட்டி. யாருக்கும் கீறல்கூட இல்லை. கடைக்காரர் ஓடி வந்து, "பழைய பெட்டியை எடுத்துட்டுப் போக வண்டி வரும்னு காத்திட்டிருந்தேன், நீங்களே வந்துட்டீங்களா?" என்றாராம்.

அக்கா சிரிக்கவில்லை. "நான் பிரேக்கை அழுத்தினேன். முழுசா அழுத்தினேன்."

பல் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இல்ல மாஸ்டர். உங்க கால் பிரேக்குல இல்ல. அதுக்குப் பக்கத்துல, மேட் மேல இருந்தது. இப்பவும் அங்கதான் இருக்கு."

அக்கா குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி. தரை விரிப்பை அவள் கால் உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சது பல்லு மட்டும்தான். ஆனா இதை நீங்க இன்னிக்கே போய்க் காட்டணும்" என்றார் அவர்.

அன்றைக்கு மிச்ச வகுப்புகளை எல்லாம் ரத்து செய்யச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

சர்க்கரை டாக்டர் கட்டையான அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மாமாவும் நானும் கூடப் போயிருந்தோம். அக்காவைப் படுக்கச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றைக் கையில் எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. நான் தொடறப்ப எல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடினாள். டாக்டர் கட்டைவிரலில் தொட்டார். பக்கத்து விரலில் தொட்டார். பாதத்தின் நடுவில், ஓரத்தில், குதிகாலில். இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது.

"எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்றாள் அக்கா.

டாக்டர் எங்களைப் பார்த்தார். "முடிச்சிட்டேம்மா."

அப்புறம் அவள் உள்ளங்காலை விளக்குக்குத் திருப்பினார். அங்கே வட்டமாக ஒரு தழும்பு, நடுவில் நாலு சின்னப் புள்ளிகள். டாக்டர் கீழே கிடந்த ஷூவை எடுத்துத் தலைகீழாக உதறினார். டொக்கென்று ஒரு சட்டைப் பொத்தான் விழுந்து உருண்டது.

"அட! இதைத்தானே நான் வாரக்கணக்கா தேடறேன்!" என்றார் மாமா, தன் சட்டை மார்பைத் தடவிக்கொண்டு.

டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் பேசியதெல்லாம் நேரடிப் பேச்சு. "ரொம்ப வருஷம் சர்க்கரை ஏறியே இருந்தா நரம்பு கெடும். நீளமான நரம்புதான் முதல்ல கெடும், அதான் பாதம். எரிச்சலுக்கும் குத்தலுக்கும் மாத்திரை தர்றேன், குறையும். மரத்துப்போன இடத்துக்கு உணர்ச்சி திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சர்க்கரையைக் கட்டுல வெச்சா மேல பரவாம பாத்துக்கலாம். வெறும் காலோட நடக்கக் கூடாது. ஷூவைப் போடறதுக்கு முன்னாடி உதறுங்க. தினமும் உள்ளங்காலைப் பாருங்க. உங்க காலுக்குப் பதிலா இனிமே உங்க கண்ணுதான் வேலை பார்க்கணும். என்ன தொழில்?"

"டிரைவிங் மாஸ்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெடலை உணராத காலால நீங்க ஓட்டக் கூடாதும்மா. உங்களுக்காக மட்டும் சொல்லல."

அக்கா தலையாட்டினாள். அடுத்தவர் உயிர் என்றால் அவளுக்கு வாதம் வராது. வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தபிறகுதான் உடைந்தாள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

"எல்லாம் என் கேக்கால வந்தது" என்றார் மாமா.

"நீங்களா ஊட்டிவிட்டீங்க? நானாத்தானே தின்னேன்."

மாமா தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். "அப்ப நான் ஓட்டக் கத்துக்கறேன்."

அக்கா அழுகையை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், நான்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் பாடம். கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ் எனக்கும் இருந்தது. என்னிடம் இல்லாதது வாய்தான். ஆகவே நான் முன் சீட்டில் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டாள். நான் கால், அவள் வாய்.

மாமா ஏறியதும் ஒரு நிபந்தனை போட்டார். "கார்ல நான் உன்னை மேடம்னுதான் கூப்பிடுவேன். நீ என்னைத் திட்டறப்ப அதை என் பொண்டாட்டி திட்டறதா எடுத்துக்க மாட்டேன்."

"நல்லது. சாவியைத் திருப்புங்க."

"மேடம், எந்தப் பக்கம்?"

முதல் நாள் கார் தவளை மாதிரி குதித்தது. கிளட்சை விடச் சொன்னால் மாமா பிரியாவிடை கொடுப்பது போல் ஒரேயடியாக விட்டுவிடுவார். கார் எகிறி நின்றுவிடும். அக்கா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, திடீரென்று குரலை இறக்கிக் கேட்டாள்.

"ஏங்க, இதழ் முடியற இடத்துல க்ரீம் பையை எப்படி விடுவீங்க?"

"டக்குன்னு விட்டா க்ரீம் கொட்டிடும். மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா அமுக்கத்தை எடுப்பேன்."

"அதையே இப்ப காலால செய்யுங்க."

மாமா கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தார். கார் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி கிளம்பியது. மைதானத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று, நிற்காமல் சுற்றினோம். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. "மேடம், நான் ஓட்டறேன்! மேடம், பாருங்க!" என்று மாமா கத்தினார். "ரோட்டைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க!" என்று பின்னாலிருந்து வந்தது. ஆனால் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது, அவள் முகமெல்லாம் பல்.

அந்தக் கால்-வாய் ஏற்பாடு எங்களுக்குப் பிடித்துப்போகவே, மற்ற மாணவர்களுக்கும் அப்படியே தொடர்ந்தோம். ஸ்கூல் ஓடியது. ஆனாலும் பாடம் முடிந்து கார் காலியாக நிற்கும்போது அக்கா டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து, சும்மா ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருப்பாள். நான் பார்க்காத மாதிரி போனை எடுத்துப் பேசுவேன், மறுமுனையில் யாரும் இல்லாவிட்டாலும்.

கேக் ஓரம் வீட்டுக்கு வருவது நின்றுபோயிருந்தது. காலையும் மாலையும் நல்ல ஷூ போட்டு நடந்தாள், மாத்திரையை மறக்காமல் இருக்க மாமா கூடவே நின்றார். அவள் குளித்து வந்ததும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காட்டச் சொல்வார். அக்கா காலைத் தூக்கிக் காட்டுவாள், இவர் குனிந்து கேக்கைச் சரிபார்ப்பது போல ஓரம் ஓரமாகப் பார்ப்பார். சில மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது. மரத்தது மட்டும் மரத்தபடியே இருந்தது.

அன்றைக்கு டாக்டர் எதிரே அக்கா ஒரு கேள்வியோடு போயிருந்தாள்.

"டாக்டர், நீங்க காலால ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"கையால ஓட்டலாமா?"

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்த நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடுங்க. கையைக் காட்டுங்க."

"ஆமா. ஆமா. ஆமா. இப்பவும் ஆமா. டாக்டர், இது சுண்டுவிரல், ஆமா!"

ஒன்றுகூடத் தவறவில்லை. பார்வையையும், சர்க்கரை திடீரென்று தாழ்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, "முறைப்படி டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கினா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் டாக்டர்.

கால் இயங்காதவர்களுக்காகக் காரை மாற்றித் தருகிற ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தோம். கியர் போட வேண்டாத சின்னக் கார் ஒன்றை நாங்கள் வாங்கிக் கொடுக்க, அவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைப் பொருத்தினார். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். மறு கையால் திருப்ப வசதியாக ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். தெரியாமல் கால் படாதபடி பெடல்களுக்கு முன் ஒரு தகடு. "இவ்வளவுதாம்மா. கால் ரெண்டும் இனிமே பயணி" என்றார் அவர்.

மாமாவுக்கும் அக்காவுக்கும் டெஸ்ட் ஒரே நாளில் அமைந்தது. இரண்டு காரிலும் எல் போர்டு. தேர்வு அதிகாரி ஒரு காலத்தில் அக்காவிடம் திட்டு வாங்கிய பையன், இப்போது தொந்தியும் மீசையுமாக இருந்தான். அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

"உட்காருப்பா. இன்னிக்கு நீதான் மாஸ்டர்" என்றாள்.

மாமா முதலில் போனார். மெல்லக் கிளம்பி, மெல்லத் திருப்பி, மெல்லப் பின்னால் வந்து, கோட்டுக்குள் நிறுத்தினார். மேலே ஒரு செர்ரிப் பழம் வைத்திருந்தாலும் உருண்டிருக்காது. பாஸ்.

அடுத்து அக்கா. வளைவு, மேடு, திருப்பம் எல்லாம் அற்புதம். கடைசியில் அதிகாரி திடீரென்று டேஷ்போர்டைத் தட்டி, "நிறுத்துங்க!" என்றான். அத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அக்காவின் இரண்டு காலும் தகட்டின் மேல் ஓங்கி மிதித்தன. கார் போய்க்கொண்டே இருந்தது. கைக்கு ஞாபகம் வந்து கம்பியைத் தள்ளியபோது நிறுத்தக் கோடு பின்னால் போயிருந்தது.

இருவரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். "மாஸ்டர், வந்து..." என்று இழுத்தான் அவன்.

"பெயில்னு சொல்லு. அதைச் சொல்லத்தானே உனக்குச் சம்பளம்?"

"பெயில் மாஸ்டர்" என்றான், தான் பெயிலானது போன்ற குரலில்.

"கரெக்ட். நானா இருந்தாலும் பெயில்தான் போட்டிருப்பேன். கூடவே நல்லாத் திட்டியிருப்பேன்."

மாமா தன் லைசென்ஸ் சந்தோஷத்தை முகத்துக்கு வராமல் அடக்கப் பார்த்தார். உதடு துடித்தது, கன்னம் உப்பியது. அக்கா பார்த்துவிட்டு, "சிரிச்சுத் தொலைங்க, வெடிச்சிடப் போறீங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த மைதானத்தில் மாமா சிரித்த சிரிப்புக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தாள்.

வீட்டில் மாமா இப்போது மேடத்துக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பாள், பின்னாலிருந்து "பிரேக்!" என்று ஒரு சத்தம் வரும். அவள் கை முன்னால் தள்ள வேண்டும். டம்ளர் உருண்டது, செய்தித்தாள் பறந்தது. ஒருநாள் போனில் யாருக்கோ பொறுமையாக நேரம் சொல்லிக்கொண்டிருந்தவளைப் பார்த்து "பிரேக்!" என்றார். அவள் தள்ளிய தள்ளலில் மேஜை விளக்கு என் மடியில் வந்து விழுந்தது. கால் அசையவே இல்லை. "ரெடி" என்றார் மாமா.

இரண்டாவது டெஸ்டில் அதிகாரி டேஷ்போர்டைத் தட்டி முடிப்பதற்குள் கார் நின்றிருந்தது. அவன் நெற்றிதான் கண்ணாடியைத் தொடப் பார்த்தது.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் காலை, ஊருக்கு வெளியே போகும் நீண்ட சாலையில் அக்கா எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மாமா பக்கத்தில், நான் பின்னால். இரண்டு பக்கமும் வயல் விரிந்துகிடந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. அக்கா கம்பியை இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் சாலையில் இறங்கிக் கையைக் காட்டினார்.

கார் அழகாக ஓரத்தில் நின்றது.

"இவ்வளவு வேகமா எங்கம்மா போறீங்க?"

"எவ்வளவு வேகம்?" என்று ஆவலாகக் கேட்டாள் அக்கா. அவர் சொன்னார். அக்கா மாமா பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள். பரிசு வாங்கிய குரல்.

மாமா காரியத்தைச் சுமுகமாக்கப் பார்த்தார். "சார், இவங்க டிரைவிங் மாஸ்டர். ஊர்ல பாதிப் பேருக்கு இவங்கதான்..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கெடுத்துடாதீங்க."

போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். இன்னும் குனிந்தார். "பெடலைக் காணோமே?"

அக்கா கம்பியைக் காட்டினாள், இழுத்துக் காட்டினாள், தள்ளிக் காட்டினாள். காலில் உணர்ச்சி இல்லாததையும், பொத்தான் கதையையும் சொன்னாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டார், நடுவில் நல்ல நல்ல கேள்விகளும் கேட்டார். இனி விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, பொறுமையாக அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"சரியாத்தான் செஞ்சீங்க. நானும் விட்டிருக்க மாட்டேன்" என்று அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

அவர் தள்ளிப் போனதும் மாமா மெதுவாகக் கேட்டார். "மேடம், களைப்பா இருந்தா இங்கிருந்து நான் ஓட்டட்டுமா?"

"பெல்ட்டைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா கம்பியை இழுத்தாள்.